ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்கினாலும் ஏன் மறந்துபோகிறது?

"நாளுக்கு இத்தனை சொல் என்று பாடமாக்கினேன், ஒரு கிழமையில் எல்லாம் போய்விட்டது, வேறு என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் கிணற்றில் விழுந்து ஏறியவன்தான்.

வவுனியாவிலிருந்து வேலைக்கென்று கொழும்பு வந்து வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்த காலம். கையில் ஒரு லிஃப்கோ அகராதி. நாளுக்குப் பத்துச் சொல். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பேன். ஏ எழுத்தைத் தாண்டவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, படித்ததைப் பாவித்துப் பார்த்ததுதான் வினை. ஐந்து மணிக்கு வேலை முடித்துப் புறப்பட்டதை மேலாளருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கும்போது, ஒபிஸை 'அபாண்டன்' பண்ணினேன் என்று எழுதிவிட்டேன். விட்டுச் செல்வது என்றுதானே அர்த்தம், நானும் விட்டுத்தானே சென்றேன்! மறுநாள் அவர் கேட்டார்: "என்ன தம்பி, உமக்கு வேலை வேண்டாமா?"

சொல்லின் பொருள் தெரிந்திருந்தது. அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. தமிழில் மழை கொட்டும், வெயில் கொளுத்தும். மழை கொளுத்துகிறது என்றால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', தேத்தண்ணி 'ஸ்ட்ராங்'. 'பவர்ஃபுல் டீ' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே தனிச் சொல்லை எழுதி வைக்காதீர்கள். அதைக் கண்ட இடத்திலிருந்து முன்னும் பின்னும் இரண்டு மூன்று சொற்களோடு பிடுங்கி எழுதுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அப்புறம் ஒரு கிழமையில் ஒருமுறை பாருங்கள். போதும்.

எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது? உங்கள் சோற்றுக்கு வழி செய்யும் சொல்லிலிருந்து. நான் துறைமுகச் சரக்கை விடுவிக்கும் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் இருந்தேன். அங்கே தினமும் கண்ணில் பட்டது 'கன்சைனி': சரக்கைப் பெறுபவர். ஒருநாள் அந்தக் கடைசி 'ஈ' ஓசை பிடிபட்டது. 'எம்ப்ளோயர்' வேலை கொடுப்பவர், 'எம்ப்ளோயி' அதைப் பெறுபவர். 'பேயர்' காசு கொடுப்பவர், 'பேயி' வாங்குபவர். 'ட்ரெய்னி'யும் அதே கதை. ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் நாலைந்து சேர்ந்து வந்தன. (எல்லா இடத்திலும் பலிக்காது. வேலைக்கு வராமல் நின்றவரும் 'அப்சென்டி'தான், அவர் எதைப் பெற்றார்?)

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. இங்கே அறிவித்தல் பலகை, மின்சாரப் பட்டியல், வர்த்தமானி (அரசாங்க கெசட்) எல்லாம் மூன்று மொழியில் வருகின்றன. ஒரு வர்த்தமானி அறிவித்தலின் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 'அமெண்ட்மென்ட்' எங்கே வருகிறதோ அங்கே 'திருத்தம்' நிற்கும், 'எக்ஸெம்ப்ட்' வந்தால் 'விலக்களிக்கப்பட்ட' நிற்கும். அரசாங்கத் தமிழ் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைப் புரிந்துகொண்ட நாட்களும் உண்டு.

எத்தனை சொல் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்கள். அவற்றை முதலில் வசப்படுத்துங்கள். பத்திரிகையும் நாவலும் தடங்கலில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பயப்படாதீர்கள், 'ஹெல்ப்', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்' மூன்றும் சேர்ந்து ஒரே குடும்பம்.

வாசிக்கும்போது புரிகிற சொல் பேசும்போது வரவில்லை என்று மட்டும் நொந்துகொள்ளாதீர்கள். 'ஏலவே' (ஏற்கெனவே) என்ற தமிழ்ச் சொல்லை வர்த்தமானியில் கண்டால் எனக்கு உடனே புரியும். அம்மாவோடு ஃபோனில் கதைக்கும்போது ஒருநாளும் அது என் வாயில் வந்ததில்லை.