குடிக்காத அப்பாவுக்கு ஏன் ஈரலில் புற்றுநோய்?

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். அப்பா கடலை விவசாயி, வயது 54. பீடி, குடி எதுவும் கிடையாது. வயிறு வீங்கி மதுரைக்குக் கொண்டுபோனபோது கல்லீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்கள். மூன்றே மாதத்தில் போய்விட்டார். 'யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பார்' என்று ஊரில் பேசுகிறார்கள். சென்னையில் வசதியாக இருக்கும் சித்தப்பா, 'கிராமத்துச் சாப்பாடும் தண்ணியும்தான் காரணம்' என்கிறார். இது ஏழைகளுக்கு வரும் நோயா? ரிப்போர்ட்டில் 'எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்' என்று போட்டிருக்கிறது. தங்கை இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு ரிப்போர்ட் வரியை எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 'எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்' என்றால் அப்பாவின் உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கும் ஈரலில் புற்றுநோயைக் கொண்டுவர இந்தக் கிருமி போதும். ஊர்வாய்க்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கிருமி அவருக்கு அநேகமாகச் சின்ன வயதிலேயே வந்திருக்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து வரலாம். கண்ணாடி ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒரே ஊசியை நாலு பேருக்குப் போட்ட காலம் அது, அப்படியும் வரலாம். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். கைக்குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். வலி, காய்ச்சல் என்று எதுவும் காட்டாமல் முப்பது நாற்பது வருஷம் உள்ளேயே கிடக்கும்.

சரி, ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகம் உள்ள நாடு மங்கோலியா. அங்கே ஹெபடைடிஸ் பி, சி இரண்டுமே பரவலாக இருந்ததுதான் முக்கியக் காரணம். தைவானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1984-இல் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். தடுப்பூசி போட்டு வளர்ந்த தலைமுறையில் இந்த நோய் நன்றாகக் குறைந்துவிட்டது. மண் அதே மண்தான், குறைந்தது கிருமிதான்.

சித்தப்பா சாப்பாட்டைச் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை. கடலையைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது. வைரஸ் உள்ளவர் உடம்பில் இதுவும் தொடர்ந்து சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். திரண்ட பருப்பெல்லாம் வியாபாரிக்குப் போய்விடும். சுருங்கியது, கறுத்தது, சிக்குவாடை அடிப்பது எல்லாம் 'வீணாக்க வேண்டாம்' என்று வீட்டுச் சட்னிக்கு வந்துவிடும். நம் கடலைக்காட்டு வீடுகளில் நடப்பது இதுதானே? வறுமை நோயாக மாறுகிற இடங்களில் இது ஒன்று. கசக்கிற பருப்பைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

வறுமை புகும் இன்னொரு வழி நாள்கூலி. ஸ்கேனுக்கு மதுரை போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கண் மஞ்சளானால் கீழாநெல்லி, அதற்கும் கேட்காவிட்டால் மந்திரிப்பு, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அதற்குள் கட்டி பெரிதாகிவிடுகிறது. காசு உள்ளவர்களுக்கு இந்த நோய் வராது என்று இல்லை. சர்க்கரை, தொப்பை, ஈரலில் படியும் கொழுப்பு எல்லாம் இப்போது அந்த வழியில்தான் கொண்டுபோகின்றன. சித்தப்பாவையும் ஒருமுறை ஈரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி ஆக வேண்டிய காரியம். அம்மா, கூடப்பிறந்தவர்கள், நீங்கள், உங்கள் பிள்ளைகள் எல்லோரும் எச்.பி.எஸ்.ஏஜி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்பாவோடு பிறந்தவர் என்பதால் சித்தப்பாவுக்கும் இது பொருந்தும். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள். கிருமி இல்லாத, முன்பு தடுப்பூசி போடாத பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. கிருமி இருந்தால் பதற வேண்டாம், அதை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் வந்திருப்பதால், கிருமி உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். யாருக்கும் தனித்தட்டு, தனிச்சொம்பு வைத்துவிடாதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது. பிளேடு, ரேசர், பல் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

தங்கைதான் அவசரம். அடுத்த செக்கப்பிலேயே இந்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவளுக்குக் கிருமி இருந்தால் கடைசி மாதங்களில் மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்ப்பார். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அவளுக்குக் கிருமி இருந்தால் கூடவே உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். இந்த இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கைவசம் இருக்காது. பிரசவ வலி வந்தபின் தேடி அலையாமல் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.