அப்பா இறந்த தேதி அக்காவுக்குத் தெரியும்

கேள்வி: என் அப்பா 2009-ல் மதுராந்தகம் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டிலேயே இறந்துபோனார். அம்மா 2014-ல் தவறினார். ஒன்றரை ஏக்கர் நிலம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பட்டா மாற்றப் போனால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்கிறார்கள். இணையத்தில் தேடினேன், வரவில்லை. வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். "அவ்வளவு பழைய நோட்டு எங்கிட்ட இல்ல சார், தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார். அங்கே போனால் "எந்தத் தேதி?" என்கிறார்கள். தேதி சரியாக நினைவில்லை, ஆடி அமாவாசையை ஒட்டி என்பது மட்டும் தெரியும். ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் வருஷா வருஷம் படையல் போடுகிறார்கள், வேலைப்பளுவில் எனக்குப் போக முடிவதில்லை. இப்போது ஒரு புரோக்கர், சென்னையில் இறந்ததாகவே பதிந்து பத்து நாளில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மடிப்பாக்கம்.

பதில்: செய்யக்கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். புரோக்கரைவிடப் பெரிய விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

இரண்டு வரியை அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா இறந்த தேதி நினைவில்லை என்பது ஒன்று. அக்கா வீட்டில் வருஷா வருஷம் படையல் என்பது அடுத்தது. தேதி தெரிந்தவர் யார் என்று நீங்களே எழுதிவிட்டு, வி.ஏ.ஓ.விடமும் தாலுகா ஆபீசிலும் போய்க் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அக்காவுக்கு ஏன் ஒரு போன் போடவில்லை?

போட்டால் "எதுக்குடா கேக்கற?" என்பார். பட்டா மாற்ற என்று சொல்ல வேண்டிவரும். பங்குப் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இத்தனை அலைச்சலும். மறதி என்று என்னிடம் சொல்லாதீர்கள். பெற்றவர் போன நாளைப் பிள்ளை மறந்தான், பெண் ஞாபகம் வைத்துப் படைக்கிறாள். நிலத்துக்கு மட்டும் பிள்ளை முன்னால் வந்து நிற்கிறான். இது நன்றாக இல்லை ஐயா. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் மதுராந்தகம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கவில்லையா?

அக்காவை விட்டுவிட்டு இந்த வேலை நடக்கவும் நடக்காது. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த நிலத்தில் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அம்மாவின் பங்கு அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு வருகிறது. பூர்வீகச் சொத்து என்றாலும் பெண்ணை ஒதுக்க முடியாது. கல்யாணம் ஆகிப் போனவள் என்பது ஒரு வாதமே இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விசாரிக்க வருகிறவர்கள் உங்கள் ஊரில்தான் விசாரிப்பார்கள், அந்த ஊரில்தான் அக்கா குடியிருக்கிறார்.

ஆகவே முதல் வேலை போன். என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி அமாவாசை என்பது அப்பா இறந்த நாளா, படையல் போடும் நாளா? ஆடி அமாவாசைக்கு முன்னோர் எல்லாருக்கும் சேர்த்துப் படைப்பது பல வீடுகளில் வழக்கம். படையல் நாளையே இறந்த நாள் என்று நீங்கள் மனசில் போட்டுக்கொண்டிருக்கலாம். அவர் போனது தையோ பங்குனியோ, யார் கண்டது. நிஜமாகவே ஆடி அமாவாசையை ஒட்டித்தான் என்றால் வேலை சுலபம். 2009-ல் ஆடி அமாவாசைத் திதி ஜூலை 21-ல் தொடங்கி, 22, புதன்கிழமை காலை வரை இருந்தது. அந்தப் புதன்கிழமை காலையில் சூரிய கிரகணம் வேறு. "கெரகணத்துக்கு முந்தின நாளா, அப்புறமா?" என்று கேட்டால் தெருவில் உள்ள பெரியவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். வேறு மாதம், வேறு திதி என்று அக்கா சொன்னால், 2009-ஆம் வருஷப் பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதி எடுத்துவிடலாம்.

எத்தனை மணிக்கு உயிர் போனது? இதைக் கட்டாயம் கேளுங்கள். நம் வழக்கத்தில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள், பதிவேட்டில் ராத்திரி 12 மணிக்கே நாள் மாறிவிடும். விடியற்காலை 3 மணிக்குப் போனவரை வீட்டில் "செவ்வாய் ராத்திரி" என்பார்கள், நோட்டில் புதன் என்று இருக்கும். நீங்கள் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே இல்லை என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள்.

சாவை அப்போது வி.ஏ.ஓ.விடம் சொன்னது யார்? வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவரோ கூட இருந்த நெருங்கிய உறவினரோ 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். சொன்னவருக்குப் பதிவின் நகல் ஒன்றை இலவசமாகத் தர வேண்டும் என்று 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் தேடும் காகிதம் அக்கா வீட்டுப் பீரோவில், பழைய ரேஷன் கார்டோடு ஒரு மஞ்சப்பையில் மடங்கிக் கிடக்கலாம். அம்மா 2014 வரை இருந்திருக்கிறார். விதவை உதவித்தொகை வாங்கினாரா? கூட்டுறவுச் சங்கக் கடன், எல்.ஐ.சி. என்று ஏதாவது முடித்தார்களா? இவற்றில் எது நடந்திருந்தாலும் சான்றிதழ் நகல் கொடுத்திருப்பார்கள். மங்கிய ஜெராக்ஸ் கிடைத்தாலும் போதும். அதில் உள்ள பதிவு எண்ணும் பதிந்த தேதியும்தான் முக்கியம்.

தேதி கேட்டார்கள் என்று தாலுகா ஆபீசை நொந்துகொள்ளாதீர்கள். அந்த நோட்டு பெயர் வரிசையில் இருக்காது. வருஷத்துக்கு ஒன்று என்று எண் போட்டு, பதியப் பதிய எழுதிக்கொண்டே போவது. அதனால் ஜூலை 21-ல் இறந்தவர் ஆகஸ்ட் பக்கத்தில்கூட இருப்பார், மூன்று வாரம் தள்ளியும் பார்க்கச் சொல்லுங்கள். வருஷமே தெரியாவிட்டால் தேடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் தனிக் கட்டணம். இணையத்தில் வராததால் பதிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், 2009-ல் கிராமப் பதிவு கையால் எழுதிய நோட்டு.

வி.ஏ.ஓ. சொன்னதும் பொய்யில்லை. கிராம ஊராட்சியில் இறப்பைப் பதிகிறவர் அவர்தான், ஆனால் பழைய பதிவேடு அவரிடம் தங்காது. தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். உங்கள் கிராமம் 2009-ல் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருந்தது என்று விசாரித்து, அங்கே மனு கொடுங்கள். மனுவில் அன்றைய மாவட்டம் காஞ்சிபுரம் என்றே எழுதுங்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். அப்பா பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையும் எழுதுங்கள். பட்டாவில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது ஒன்று என்று இருக்கும். சாவு வீட்டில் சொன்ன ஆள் கூப்பிடும் பெயரைத்தான் சொல்லியிருப்பார். தாத்தா பெயர், வயது, தெரு இவையும் வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், தேதி, அவருடைய அப்பா பெயர் மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். பிழை இருந்தால் அதே பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் திருத்தலாம், பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் எழுதித் தருவார்கள். ஒரே ஒரு நகலோடு திரும்பாதீர்கள், நாலைந்து வாங்குங்கள்.

பதிவே இல்லை என்றால்? பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் உதவாது. அதோடு கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு, தாமதப் பதிவு கேட்டு மனு. ஒரு வருஷம் தாண்டிய சாவைப் பதிய உத்தரவு வேண்டும், 13-ஆம் பிரிவு. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் அறிக்கை போகும், சாட்சி கேட்பார்கள். கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய விவரம் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். இதையெல்லாம் யார் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிக்கும் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இனி புரோக்கர். சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. சொந்த ஊர், பிள்ளை குடியிருக்கும் ஊர் எதுவும் கணக்கில் வராது. சென்னையில் இறந்ததாக எழுதுவது பொய்த் தகவல், குற்றம். அப்படியே எழுதினாலும் 2009-ஆம் வருஷத்துச் சாவுக்கு இங்கேயும் உத்தரவு வேண்டும். அது இல்லாமல் பத்து நாளில் கைக்கு வருவது எந்தப் பிரிண்டிங் கடையில் அடித்த சான்றிதழோ! மதுராந்தகம் பக்கம் அசல் பதிவு இருந்துவிட்டால், ஒரே மனிதர் இரண்டு ஊரில் இரண்டு தடவை செத்ததாக ஆகும். பதிவேட்டைத் தேடச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அக்காவும் கேட்கலாம். அப்போது பட்டாவும் போகும், அக்காவும் போவார்.

போனில் பேசும்போது பட்டா விஷயத்தை மறைக்காதீர்கள், அவர் பங்கும் சேர்ந்துதான் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த படையலுக்கு மாலையும் பழமும் வாங்கிக்கொண்டு முந்தின நாள் சாயங்காலமே ஊருக்குப் போய்விடுங்கள். மனுவை அன்றைக்குப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். சார்பதிவாளர் ஆபீசுக்கு மறுநாள் இரண்டு பேருமாகப் போகலாம்.