கணினிக் கேள்வி பதில்: ஃபார்மட் அடிப்பதற்கு முன்

இந்த முறை சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை. வேலை செய்துகொண்டிருக்கும்போதே வீட்டு டெஸ்க்டாப் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறதாம். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில்.

ஐயா, எங்கள் டெஸ்க்டாப்புக்கு ஏழு வயதாகிறது. இரண்டு மாதமாக அடிக்கடி ஹேங் ஆகிறது. கடையில் காட்டினோம், ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடிதான். மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறாள், குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமா?
— ஒரு தாயார், சுங்கை சிப்புட்

வாங்குவதைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதல் வேலை, மகளின் குறிப்புகளை இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வைப்பது. பாடக் கோப்புகளுக்கு 32 ஜி.பி. தாராளம். பாட்டு, படமெல்லாம் இப்போது வேண்டாம். நகல் எடுக்கும்போது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சிக்கியதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபார்மட் அடித்த பிறகும், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும், அதே கோளாறு திரும்பி வந்தால், அது விண்டோஸின் குறை இல்லை, ஏதோ ஒரு பாகத்தின் குறை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பாகம் என்பதைக் கணினி உறைந்து நிற்கும் விதமே காட்டிக்கொடுக்கும். அதனால் அடுத்த முறை ஹேங் ஆனதும் அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்தாதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் சாவியை இரண்டு மூன்று முறை தட்டி, அதன் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். விட்டு விட்டு மின்னுகிறதா, விடாமல் எரிகிறதா, அடியோடு அணைந்துவிட்டதா? மணி என்ன, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கைந்து முறை குறித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கேப்ஸ் லாக் விளக்கு வேலை செய்கிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, ஓரிரு நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க்கில் ஓர் இடம் பழுதாகிவிட்டால், அங்கே உள்ளதைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயலும். அது முடியும்வரை விண்டோஸ் காத்துக் கிடக்கும். உங்களுக்கு ஹேங் என்று தெரிவது அந்தக் காத்திருப்புதான். ஃபார்மட் அடித்த புதிதில் கோப்புகள் வேறு இடத்தில் போய் உட்காரும், ஒரு வாரம் நன்றாக ஓடும். டிஸ்க் நிறைய நிறையப் பழுதான இடத்தை மறுபடி தொடும். உங்கள் கணினியின் போக்கு இதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இதை உறுதிசெய்ய கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். வரும் பட்டியலில் 05, சி5 (C5), சி6 (C6) ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6 என்பது மீட்கவே முடியாதவை. சி5 பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். பலரும் ஏமாறும் ஓர் இடம் இதில் உண்டு: கடைசி நெடுவரிசை எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். அங்கே 10 என்று போட்டிருந்தால் அது 16. அமைப்பில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சி7 (C7) என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. அது மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம், கேபிளில்தான் கோளாறு. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் அந்த சாட்டா கேபிள் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். சி7 ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எண் அப்படியே நின்றிருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கோப்புகளைப் பத்திரப்படுத்துவதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் செக் சோதனையை ஓட்டவே கூடாது. நொந்துபோன டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்லி அலைக்கழித்தால் இருப்பதும் போய்விடும். டிஸ்க்தான் குறை என்று தெரிந்ததும் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். 240 ஜி.பி. போதும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய வேண்டாம், பழுதான கோப்புகளும் சேர்ந்தே வரும்.

இனி இரண்டாவது வகை. கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, மவுஸ் நகரவில்லை, ஸ்பீக்கரில் ஒரே ஒலி "ர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டே நிற்கிறது. இது பெரும்பாலும் ராம் (நினைவகப் பலகை) அல்லது பவர் சப்ளை (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). ராமிலிருந்து தொடங்குங்கள், செலவில்லாத வேலை. சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைத் திறந்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமின் முனைக் கவ்விகளை விலக்கி வெளியே எடுங்கள். தங்க நிறப் பற்களில் நம் ஊர் ஈரப்பதத்துக்கு மங்கலாகப் படலம் படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். பென்சில் அழிப்பானால் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தால் மெதுவாகத் தேயுங்கள், ஒரு துகள்கூட ராம் செருகும் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது நடுவில் உள்ள வெட்டு சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலால் "டிக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ராம் பல நாள் ஓடிவிட்டுத் திடீரென்று நிற்கும்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் போதும். "ஒன்றுதானே" என்று விட்டுவிட முடியாது. அந்த ராமை வேறு ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். அங்கேயும் பிழை வந்தால் ராம் பழுது. வராவிட்டால் முதல் ஸ்லாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ராம் தேறிவிட்டால் பவர் சப்ளை. உங்கள் தாளில் குறித்த நேரங்கள், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா? மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்வதைப் பழைய பவர் சப்ளையால் தாங்க முடிவதில்லை, உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் நான்கு முனைச் செருகியின் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே அளந்து பாருங்கள். கணினி வேலை செய்யும்போது 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பவர் சப்ளையை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். முழுதாக மாற்றுவதுதான் வழி.

மகன் கேம் விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் உறைந்துவிடுகிறது. ஃபேன் அலறுகிறது. கணினி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது காரணமாக இருக்குமா?
— வாசகர், எல்பில்

இருக்கும். சாம்பிராணி, ஊதுவத்திப் புகையில் உள்ள பசையில் தூசி ஒட்டிக்கொள்கிறது. சாதாரணத் தூசியை ஊதித் தள்ளலாம், இது போகாது. ப்ராசஸர் சிப்பின் ஃபேனுக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டுபோல் படர்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். அதைக் கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பெயின்ட் பிரஷால் சுரண்டி எடுங்கள். புளோவர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மண் தெரியாமல் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

ஃபேனும் தகடுகளும் சேர்ந்த கூலரை அடியோடு கழற்றினால், சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும், சிறு பட்டாணி அளவு போதும். இன்டெல்லின் வட்டக் கூலருக்கு நான்கு கறுப்பு ஊசிகள் இருக்கும். எதிரெதிர் மூலையாக அழுத்தி, நான்கும் பலகையின் பின்பக்கம் வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் ஊசி கவ்வாவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சூடு சில நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டிவிடும். ஏ.எம்.டி. ஏ.எம்.4 சிப் என்றால் கூலரை நேராகப் பிடுங்காதீர்கள், பேஸ்ட் ஒட்டிச் சிப்பும் கையோடு வந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, லேசாகத் திருகி எடுங்கள்.

பிறகு எச்.டபிள்யூ. மானிட்டர் என்ற மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். நம் வீட்டு வெப்பத்தில் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, விளையாடும்போது 80 வரை பரவாயில்லை. சூடு மிஞ்சினால் சிப் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் கணினி பட்டென்று அணைந்துவிடும். உங்களுடையது அணையாமல் உறைந்து நிற்பதால் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனையும் தவறாமல் பாருங்கள். சாமி மேடை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், கணினியை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

போன வாரம் மாலை மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. அதிலிருந்து இன்டர்நெட் கேபிளைச் செருகினாலே கணினி உறைகிறது. பிடுங்கினால் சரியாக ஓடுகிறது.
— கல்லூரி மாணவர், லிந்தாங்

தம்பி, மதர்போர்டில் இன்டர்நெட் கேபிளைக் கவனிக்கும் லேன் சிப் அடிபட்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புப் பக்கத்தில் போய் ஆன்போர்ட் லேனை முடக்கிவிட்டு, யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போர்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ரூட்டரில் அந்தக் கேபிள் செருகியிருந்த துளையின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், அதுவும் போயிருக்கலாம்.

ஃபைபர் கேபிள் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் ஏறிக் கணினிக்குள் போய்விடும். வானம் கறுத்ததும் கணினி பிளக், ரூட்டர் பிளக், லேன் கேபிள் மூன்றையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்குப் பெரிதல்ல.

கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. சில நேரம் தொட்டதுமே உறைந்துவிடுகிறது. பழைய தோட்ட வீடு.
— வாசகி, சுங்கை சிப்புட்

அம்மா, நான்கு கடிதங்களில் இதுதான் அவசரம். உங்கள் கணினிக்கு எர்த் கிடைக்கவில்லை. பவர் சப்ளைக்குள் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். அவற்றில் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் வழியாக இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி தங்கி நிற்கும். தொடும்போது அது உங்கள் வழியாக இறங்குகிறது, அந்த அதிர்வில் கணினியும் தடுமாறுகிறது. இந்தக் கசிவு மட்டும்தான் என்றால் சுரீர் பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் அதில் நிற்கும்.

எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, நேராக அதே சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். சுரீர் நின்றால் போர்டுதான் குறை, தூக்கிப் போடுங்கள். நிற்காவிட்டால் எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனை வரவழைத்து, எர்த் கம்பியையும் ஆர்.சி.சி.பி.யையும் (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) சோதிக்கச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை கணினியைப் பிளக்கிலிருந்து பிடுங்கியே வையுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.