கிரகண நிலவில் மின்னிய புள்ளிக்கு ஐயாயிரம் ரூபாயா?

கேள்வி: 2025 செப்டம்பர் 7 இரவு, மன்னார்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, தொலைநோக்கியில் கைப்பேசியைப் பொருத்திச் சந்திர கிரகணத்தை வீடியோ எடுத்தேன். 11.40 மணியளவில் சிவந்த நிலவின் மேல் ஒரு வெண்புள்ளி மின்னி மறைந்தது. அது விண்கல் மோதல்தான் என்று சான்றிதழ் வாங்கித் தர ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படியொரு சான்றிதழே கிடையாது. வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கக்கூடிய சந்திர கிரகணத்துக்குத் தனிக்கண்ணாடி விற்பவர்களும், 60 மி.மீ. பொம்மைத் தொலைநோக்கியை ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று தள்ளிவிடுபவர்களும் செய்கிற அதே வியாபாரம்தான் இது.

நிலவில் காற்று இல்லாததால் கற்கள் வேகம் குறையாமல் தரையில் மோதிச் சிதறுகின்றன. அப்போது கணநேரம் ஒளி எழும். அந்த ஒளி வெயில் படாத பகுதியில் மட்டுமே தெரியும். முழு கிரகணத்தில் வட்டம் முழுவதும் இருண்டுவிடுவது நமக்கு வசதி. 2019 ஜனவரி 21 கிரகணத்தின்போது நிலவில் விண்கல் மோதல்களைக் கண்காணிக்கும் ஸ்பெயினின் மைடாஸ் தொலைநோக்கிகள் பதிவு செய்த ஒளி 0.28 விநாடி நீடித்தது. வேறு நாடுகளில் இருந்தவர்களும் அதே நொடியில் அதே இடத்தில் அதைப் படம்பிடித்திருந்ததால்தான் ஐயம் எழவில்லை.

உங்கள் வீடியோவைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே பிரேமில் மட்டும் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல்மிக்க துகளான காஸ்மிக் கதிர் கேமராவின் உணரியைத் தாக்கினாலும் அப்படித்தான் தெரியும். படத்தின் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பிக்சல் கோளாறு. நகர்ந்தால் பெரும்பாலும் விமானம்.

“செயற்கைக்கோளாக இருக்கலாமே” என்று யாராவது உங்களைக் குழப்பக்கூடும். பிறை நாட்களில் அது நியாயமான ஐயம். ஆனால் அன்று இரவு 11.00 முதல் 12.22 வரை நிலவு பூமியின் முழுநிழலுக்குள் இருந்தது. உங்கள் மாடியும் அதே நிழலில்தான் இருந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையே கடந்த எந்தச் செயற்கைக்கோளின் மீதும் நேரடி வெயில் பட்டிருக்க முடியாது. வெயில் படாதது பளிச்சிடாது. பகுதி கிரகண நேரத்துக்கு இந்த உறுதியை அப்படியே நீட்டிக்கக் கூடாது.

இரண்டு மூன்று பிரேம்களில் அசையாமல் நின்றிருந்தால், தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ அதே நேரத்தில் படமெடுத்த ஒருவரைத் தேடுங்கள். அவ்வளவு தொலைவிலுள்ள இரு ஊர்களிலிருந்து பார்க்கும்போது ஒரே விமானம் நிலவின் முன்னே தெரிய வழியில்லை. பள்ளிகளுக்கென்று வாங்கிய தொலைநோக்கிகள் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகவும் பீரோவில் ஒரு பெட்டியாகவும் முடங்காமல் அன்று வெளியே வந்திருந்தால், இந்தத் தேடலே தேவைப்பட்டிராது.

மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிவிடுவதால் சோதனைக்கு உதவாது. 2028 டிசம்பர் 31 இரவு மீண்டும் முழு கிரகணம் வருகிறது. அன்று வானம் தெளிந்திருந்தால், வேறூர் நண்பர் ஒருவருடன் கைப்பேசிக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, இருவரும் ஒரே நேரத்தில் பதிவைத் தொடங்குங்கள்.