எல்லாவற்றையும் தேடித் தெரிந்துகொள்ள முடிகிற காலத்தில் அறிவியல், தொழில்நுட்பக் கல்வியின் நோக்கம் என்னவாக இருக்க வேண்டும்?

தகவல் எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது, செயற்கை நுண்ணறிவு கணக்கையும் போட்டுத் தந்துவிடுகிறது. அப்படியிருக்க, வேலைவாய்ப்புக்குத் தேவையான திறன்களை மட்டும் கற்பித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் பதில். ஒரு முடிவு எப்படிப் பெறப்பட்டது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே பிசகியிருக்கக்கூடும் என்று எடைபோடும் பழக்கத்தை உண்டாக்குவதுதான் முதல் நோக்கம். மற்றவை அதற்கு அடுத்தே வரும். மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை நடத்துகிறவன் என்பதால் ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்க்கும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் நூலின் நீளத்தைச் சரியாக ஒரு மீட்டர் வைத்து, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறார். ஸ்டாப் வாட்ச் 40.6 விநாடி காட்டுகிறது. அப்படியானால் அலைவு நேரம் 2.03 விநாடி, அதை வாய்பாட்டில் இட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.58 என்று வருகிறது. புத்தகத்திலோ 9.8. உடனே ரப்பர் வெளியே வருகிறது, 40.6 அழிந்து 40.1 ஆகிறது, விடையும் 9.82 ஆகிவிடுகிறது, மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. உண்மையில் அந்த 40.6இல்தான் பாடமே இருந்தது. ஊசலின் நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். மாணவர் கொக்கி வரை, அதாவது நூலை மட்டும் அளந்திருந்தார். விடுபட்ட 2 சென்டிமீட்டரைச் சேர்த்துக் கணக்கிட்டால், அழிக்கப்பட்ட அதே 40.6 விநாடியிலிருந்து 9.77 கிடைக்கிறது. அளவீடு பொய் சொல்லவில்லை. எதை அளந்தோம் என்பதில்தான் பிழை. இதை ஒருமுறை தானே கண்டுபிடித்த மாணவர் பிற்காலத்தில் எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், எதை, எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் விடமாட்டார். ரப்பரை எடுத்தவரும் ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் போகிறார் (எதிர்பார்க்கும் விடைக்கு ஏற்பத் தரவைத் திருத்தலாம் என்பதை), அதுவும் நம் கண் முன்னாலேயே.

இது பள்ளிப் பிள்ளைகளின் பலவீனம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் இருப்பதாக 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் அறிவித்த பிறகு, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் அந்த எண்ணையே சொல்லிவந்தன. பிறகு எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் பலருக்கும் 48தான் தென்பட்டது. ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லேவானும் உயிரணுக்களைப் பரப்பிப் பார்க்கும் மேம்பட்ட முறையைக் கையாண்டு, 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். 48 என்பதை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு எஞ்சியது ஒரு தவறான எண். அந்த எண் எப்படிப்பட்ட படத்திலிருந்து, எவ்வளவு ஐயத்தோடு எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்றிருந்தால் 46ஐ ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருந்திருக்காது.

வேலைவாய்ப்பையே இலக்காக வைப்பதில் உள்ள சிக்கல் கருவிகளின் ஆயுள்தான். பெருக்கல், வகுத்தல் கணக்குகளுக்குப் பொறியாளர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய, நகரும் அளவுகோல் கொண்ட ஸ்லைடு ரூல், 1972இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் கையடக்க அறிவியல் கால்குலேட்டர் வந்த சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்லைடு ரூல் தசமப்புள்ளியைக் காட்டாது. 2.5ஐ 3ஆல் பெருக்கினாலும், 250ஐ 300ஆல் பெருக்கினாலும் கோடு ஒரே இடத்தில்தான் நிற்கும், விடை 7.5ஆ, 75,000ஆ என்பதைப் பயன்படுத்துபவரே மனத்துக்குள் மதிப்பிட்டாக வேண்டும். கருவி போனதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்ந்து அந்த மதிப்பிடும் பழக்கமும் போனதுதான் இழப்பு. கேட்ட மாத்திரத்தில் தங்குதடையின்றி விடை எழுதித் தரும் மென்பொருள்கள் வந்திருக்கும் இப்போது அந்தப் பழக்கம் முன்னைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது.

தொழில்நுட்பக் கல்விக்குத் தனியாக இன்னொரு நோக்கமும் உண்டு. அறிவியல் எது உண்மை என்று கேட்கிறது. தொழில்நுட்பமோ இருக்கிற பொருள், காலம், செலவுக்குள் எதைச் செய்யலாம், அதன் விளைவு யார் தலையில் விழும் என்றும் கேட்டாக வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளில் ஒரு காலத்தில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். அவற்றுக்கு மாற்றாக 1920களின் இறுதியில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கொண்டுவந்த குளோரோபுளோரோகார்பன் தீப்பற்றாது, நச்சும் இல்லை. அன்று கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்துக்கும் அது சரியான விடை. எதனோடும் எளிதில் வினைபுரியாத அந்த நிலைத்தன்மையே அதை வளிமண்டலத்தின் மேலடுக்கு வரை கொண்டுசென்றது. அங்கே புற ஊதாக் கதிர்கள் அதைச் சிதைக்க, வெளிப்பட்ட குளோரின் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். அதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது 1987இல். வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவர்கள், ஒரு பொருள் இயங்குகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 50 ஆண்டுகளுக்குப் பிறகு அது எங்கே கிடக்கும் என்றும் மாணவர்களைக் கேட்கச் சொல்வேன்.

இதனால் அடிப்படைப் பாடங்கள் தேவையில்லை என்றாகிவிடாது. ஆற்றலைப் புதிதாக உருவாக்கவோ அழிக்கவோ முடியாது என்ற ஆற்றல் அழியாமை விதி தெரியாதவருக்கு, எரிபொருளே வேண்டாத இயந்திரம் என்று விளம்பரம் வந்தால் ஐயம்கூட எழாது. ஒன்றும் தெரியாமல் சிந்திக்க மட்டும் கற்றுக்கொடுக்கலாம் என்பது வெறும் மேடைப் பேச்சு. பாடத்திட்டத்தைவிட மதிப்பெண் முறையில்தான் மாற்றம் அவசரமாகத் தேவை என்பது என் கருத்து. செய்முறைத் தேர்வில் விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போதும். மீதியை, எடுத்த அளவீடுகளை அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே பதிந்ததற்கும், எதிர்பார்த்த மதிப்பிலிருந்து விடை ஏன் விலகியது என்று ஆராய்ந்து எழுதியதற்கும் கொடுத்தால், 40.6ஐ அழிக்க வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இராது.