செக்யூரிட்டி ட்ரெய்னிங், போன்ல பேசி ஏமாத்துறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கங்க. ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனிகளுக்கு செக்யூரிட்டி அவேர்னஸ் ட்ரெய்னிங் எடுக்கிறதுதான் நம்ம பொழப்பு, சொந்த ஊரு பர்கூர். பேரெல்லாம் வேணாம், ஊரும் வேலையும் மட்டும் போட்டு கேளுங்க.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் பேக்டரி அக்கவுன்ட்ஸ்: அண்ணா, பை சப்ளை பண்ற பார்ட்டிகிட்ட இருந்து "பேங்க் அக்கவுன்ட் மாத்திட்டோம், இனிமே இதுல போடுங்க"ன்னு மெயில் வந்துருக்கு. பழைய மெயிலுக்கு ரிப்ளையாவே வந்துருக்கு, பில் நம்பர் கூட சரியா இருக்கு. முதலாளி சீக்கிரம் போடுங்கறாரு. நம்பலாமா?

மெயில உத்து உத்து பாத்து கண்டுபிடிக்கிற வேலைய விட்டுருமா. அந்த பார்ட்டியோட மெயில் பாஸ்வேர்டு ஏற்கனவே போயிருந்தா, திருடன் உள்ளயே பல நாளா உக்காந்து பில்லெல்லாம் படிச்சிட்டு, சீசன்ல லோடு வண்டி கேட்டுக்கு வெளிய வரிசை கட்டி நிக்கிற நேரமா பாத்துதான் அனுப்புவான், அதனால பில் நம்பர் சரியா இருக்கறது ஒரு சாட்சியே இல்ல. சில சமயம் மெயில் அட்ரஸ்ல இங்கிலீஷ் m எழுத்துக்கு பதிலா r, n ரெண்டையும் ஒட்டி போட்டுருப்பான், சின்ன ஸ்கிரீன்ல உங்க கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அது m தான்.

போன வருசத்து பில்ல எடு, அதுல அச்சடிச்ச நம்பருக்கு நீயே போன் போட்டு கேளு. மெயில்ல குடுத்த நம்பருக்கு இல்ல. அக்கவுன்ட் மாறுச்சுன்னா ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம பைசா போகாதுன்னு முதலாளிகிட்ட இப்பவே எழுதி வாங்கி வச்சிக்க, அவசரத்துல கேட்டா எந்த முதலாளியும் தரமாட்டாரு. வீடியோ கால்ல மூஞ்சிய பாத்தேன்னு சொன்னாலும் ஒத்துக்காத. ஆரப்புங்கற பெரிய இன்ஜினியரிங் கம்பெனி, அதோட ஹாங்காங் ஆபீஸ் ஊழியர் 2024ல வீடியோ மீட்டிங்ல மேலதிகாரிங்கள பாத்துதான் 15 தடவையா பணம் அனுப்புனாரு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். மீட்டிங்ல இருந்த மத்தவங்க எல்லாம் டீப்ஃபேக், அதாவது கம்ப்யூட்டர்ல செஞ்ச போலி மூஞ்சி, போலி குரல்.

பாலக்கோடு, ரிட்டயர்டு வாத்தியார்: மும்பை போலீஸ்னு வீடியோ கால், என் ஆதார்ல போதைப்பொருள் பார்சலாம், டிஜிட்டல் அரெஸ்டாம். ரூம விட்டு போகாதீங்கன்னான். ஆதார் கடைசி நாலு நம்பரயும் சரியா சொன்னான் தம்பி.

ஐயா, டிஜிட்டல் அரெஸ்ட்னு நம்ம நாட்டு சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல இத சொன்னாரு. ஆதார் நம்பர் அவனுக்கு எப்படி தெரியும்னுதான் எல்லாரும் மிரண்டு போறாங்க, சிம் வாங்க, லோனுக்கு, லாட்ஜுக்குன்னு எத்தன ஜெராக்ஸ் குடுத்துருப்போம் யோசிங்க. அந்த மாதிரி கால்ல முக்கியமான வேலையே உங்கள தனியா உக்கார வைக்கிறதுதான், வீட்டம்மா ஒருத்தர் பக்கத்துல வந்து "யாருங்க அது"ன்னு கேட்டா பாதி வேஷம் கலைஞ்சிரும். பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க. லேட் ஆக ஆக பணம் அக்கவுன்ட் அக்கவுன்ட்டா மாறிட்டே போவும், நாளைக்கு பாத்துக்கலாம்னு தூங்கிராதீங்க.

ஓசூர், ஹெச்ஆர்: சார் நாங்களே ஃபேக் மெயில் அனுப்பி டெஸ்ட் பண்றோம், கிளிக் பண்ணவங்க பேர நோட்டீஸ் போர்டுல போடலாம்னு மேனேஜ்மென்ட் சொல்லுது.

போடாதீங்க. கெஞ்சி கேக்கறேன். நானே ஆரம்பத்துல அந்த தப்ப பண்ணிருக்கேன், ஒரு கம்பெனியில தீபாவளிக்கு முன்னாடி போனஸ் லிஸ்ட்னு டெஸ்ட் மெயில் விட்டு, கிளிக் பண்ணவங்கள எழுந்து நிக்க சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு நெசமாவே ஒரு மெயில் வந்து, ஒரு பையன் பாஸ்வேர்ட போட்டுட்டு மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. ஏன்பான்னு கேட்டா "மறுபடி நிக்க வெப்பீங்கல்ல"ன்னான். எனக்கு பேச்சே வரல. வெப்சைட் பேரு விக்கிற அமெரிக்க கம்பெனி கோடாடி கூட 2020 டிசம்பர்ல 650 டாலர் போனஸ்னு டெஸ்ட் மெயில் விட்டு அப்பறம் மன்னிப்பு கேட்டுது.

எத்தன பேர் கிளிக் பண்ணாங்கன்னு எண்றத விட, முதல் ஆளு எத்தன நிமிசத்துல ஐடிக்கு சொன்னாருன்னு எண்ணுங்க. சொன்னவருக்கு ஒரு டீ வாங்கி குடுங்க, அது போதும். இன்னொண்ணு, சைபர் பாதுகாப்ப பாக்கற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் 2022ல போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரிஞ்சு 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும், ஆளுங்க பயந்து மறைச்சா எங்க போய் 6 மணி நேரம்?

அதே ஓசூர், வேற ஒருத்தர்: மூணு மாசத்துக்கு ஒருக்கா பாஸ்வேர்ட் மாத்த சொல்றாங்களே?

கசிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா மட்டும் மாத்துங்கன்னுதான் அமெரிக்க அரசோட தரநிர்ணய அமைப்பு நிஸ்ட்டே சொல்லுது. சும்மா மாத்த சொன்னா மக்கள் கடைசியில 1 இருந்தத 2ன்னு ஆக்குவாங்க, அவ்ளோதான்.

தருமபுரி, காலேஜ் ஃபைனல் இயர்: அண்ணா சோஷியல் இன்ஜினியரிங், அதான் ஆள நம்ப வச்சு தகவல் கறக்கறது, கத்துக்கணும், வேலை இருக்கா? ஃப்ரெண்ட்ஸ் மேல ட்ரை பண்ணலாமா?

வேலை இருக்குப்பா, கம்பெனி அனுமதியோட திருடன் மாதிரியே உள்ள நுழைஞ்சு சோதிக்கிற டீம், ரெட் டீம்னு சொல்வாங்க. அமெரிக்காவுல நடக்கற டெஃப்கான்ங்கற ஹேக்கர் மாநாட்டுல 2010லேர்ந்து போன்ல பேசி தகவல் கறக்கறதுக்கு போட்டியே நடந்துருக்கு. ஆனா எழுத்துல அனுமதி இல்லாம ஃப்ரெண்டு மேலயும் வேணாம். ஐடி சட்டம் 66டி, ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துனா 3 வருசம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் ஃபைன். அனுமதி இருந்தும் மாட்டுனவங்க இருக்காங்க, 2019ல அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல கோர்ட் கட்டடத்த சோதிக்க காண்ட்ராக்ட் வாங்கிட்டு போன ரெண்டு பேர லோக்கல் ஷெரிஃப் புடிச்சு உள்ள வச்சிட்டாரு, மாநில ஆபீஸ் அனுமதி குடுத்துருக்கு, கட்டடம் கவுன்டியோடது (நம்ம மாவட்டம் மாதிரி)ன்னு தகராறு. 2020ல கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால அனுமதி லெட்டர்ல கையெழுத்து போடறவருக்கு அந்த உரிமை இருக்கான்னும் பாக்கணும்.

முதல்ல உன் மேலயே ட்ரை பண்ணு. உன் பேர், நம்பர் போட்டு தேடி, ஒரு மணி நேரத்துல உன்ன பத்தி என்னென்ன கிடைக்குதுன்னு நோட்டுல எழுது. டெஸ்டுக்கு ஃபேக் மெயில் அனுப்பற சாஃப்ட்வேர் கோஃபிஷ் ஃப்ரீ, வீட்டு லேப்டாப்ல போட்டு உனக்கே மெயில் விட்டு பாரு. அப்பறம் பேச கத்துக்க. ரவுண்டானா பக்கத்துல பஸ் புடிக்கிற ஏஜென்டு ஒரு ஆள பாத்த உடனே பெங்களூரா சேலமான்னு சொல்றாரு பாரு, அந்த கவனம் எந்த கோர்ஸ்லயும் கிடைக்காது.

காரிமங்கலம், மளிகைக் கடை: வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிக்கைன்னு ஏபிகே, அதான் ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல், வந்துச்சு, தெரியாம இன்ஸ்டால் பண்ணிட்டேன்.

டேட்டா, வைஃபை ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, வேற போன்லேர்ந்து பேங்குக்கு அடிச்சு அக்கவுன்ட்ட முடக்க சொல்லுங்க. அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி ஓடிபிய அவனுக்கு அனுப்பும். பத்திரிக்கை போட்டோவா வரும் இல்லன்னா பிடிஎஃப்பா வரும், ஏபிகேயா எந்த மாமனும் அனுப்ப மாட்டாரு.

ஊத்தங்கரை, பெங்களூர்ல வேலை: அம்மாவுக்கு எப்படிண்ணா சொல்லி குடுக்கறது? சொன்னா சரி சரிங்கறாங்க, மறந்துடறாங்க.

க்ளாஸ் எடுக்காத, நாடகம் போடு. ஞாயித்துக்கிழம வேற நம்பர்லேர்ந்து கூப்புட்டு நாந்தான் பேங்க் மேனேஜர்னு பேசு, அவங்களே கால கட் பண்ற வரைக்கும் விடாத. யாராச்சும் அவசரம்னு பணம் கேட்டா சொல்றதுக்கு வீட்டுக்குள்ள ஒரு வார்த்தைய வச்சிக்கங்க. எங்க வீட்ல பழைய மாட்டோட பேரு. போன மாசம் என் போன் செத்துப்போய் ஃப்ரெண்டு நம்பர்லேர்ந்து அம்மாவ கூப்புட்டு ரெண்டாயிரம் போட்டு விடுன்னேன். "மாட்டு பேரு சொல்லு"ன்னாங்க. செவலைன்னேன். "அது கன்னுக்குட்டி"ன்னு சொல்லி வச்சிட்டாங்க.