மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது எப்படி? கணக்கில் வரும் மின்தடையை மல்டிமீட்டர் காட்டாதது ஏன்?

12 வோல்ட் பேட்டரியில் எரியும் ஓர் இழை பல்பில் 1.75 ஆம்பியர் ஓடுவதை அளந்ததாகவும், அதைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் அரை ஓம் அளவே காட்டுவதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கிலும் பிழையில்லை, மீட்டரிலும் பழுதில்லை.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 12 ÷ 1.75 = 6.86 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன்: 12 × 1.75 = 21 வாட். மின்னோட்டத்தை மில்லிஆம்பியரில் அளந்திருந்தால், 1000ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொண்ட பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியைப் பாடநூல்கள் சொல்லும்போது, 'வெப்பநிலை மாறாதிருக்கையில்' என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கின்றன. பலரும் மனப்பாடம் செய்யும்போது விட்டுவிடுவது அந்த நிபந்தனையைத்தான். எரியும் பல்பின் டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. உலோகம் சூடாக ஆக அதன் அணுக்களின் அதிர்வு கூடி, எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்கு இடையூறும் கூடுவதால், அந்தச் சூட்டில் இழையின் மின்தடை குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. மல்டிமீட்டரோ மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அளப்பதால், இழை சூடேறுவதே இல்லை. ஆகவே 6.86 ஓம் என்பது எரியும் பல்புக்கும், அரை ஓம் என்பது அணைந்த பல்புக்கும் உரிய மதிப்புகள். சுவிட்சைப் போடும் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனேயே ஃபியூஸ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே பல்புக்கு 6 வோல்ட் மட்டும் கொடுத்தால், மின்தடை மாறாது என்று எண்ணிக் கணக்கிடுபவருக்கு 0.875 ஆம்பியரும் 5.25 வாட்டும் விடையாக வரும். உண்மையில் இழை அவ்வளவு சூடேறாமல் மின்தடை குறைந்திருப்பதால், மின்னோட்டமும் திறனும் அதைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருக்கும். அதனால்தான், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுக்கும் சூத்திரத்தைவிட, ஒரே சமயத்தில் அளந்த மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரடியாகப் பெருக்குவதையே நான் நம்புகிறேன். நேர்மின்னோட்டத்தில் இந்தப் பெருக்கல் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார் போன்றவற்றுக்குத் திறன் காரணியாலும் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும், 1க்கு மிகாத எண்) பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கணக்கில் போட வேண்டியது அந்தப் பாகத்தின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமே தவிர, பேட்டரியின் மின்னழுத்தம் அன்று. 12 வோல்ட்டில் ஓர் எல்இடியை ஒரு ரெசிஸ்டருடன் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைப் பாகம்) தொடராக இணைத்து, எல்இடியில் 3 வோல்ட்டும் 20 மில்லிஆம்பியரும் இருக்க வேண்டுமென்றால், ரெசிஸ்டருக்கு எஞ்சுவது 9 வோல்ட். எனவே அதன் மதிப்பு 9 ÷ 0.02 = 450 ஓம்; அதில் வெப்பமாகும் திறன் 9 × 0.02 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்றாலும் நன்றாகச் சுடும். தொடர்ந்து எரிய வேண்டிய விளக்கானால் அரை வாட் ரெசிஸ்டரையே போடுங்கள். 450 ஓம் கிடைக்காவிட்டால், எளிதாகக் கிடைக்கும் 470 ஓம் போதும். மின்னோட்டம் சற்றே குறையும், அவ்வளவுதான்.